பானை காலியாக இருந்த இரண்டரை மணி நேரம்

அன்று அங்கே இருந்தது மொத்தம் நான்கு பேர். பெட்டிக்கடை அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், கரும்பு ஜூஸ் வண்டிக்காரர், அப்புறம் நான். ஐந்தாவது ஆள் யாரும் கிடையாது. இப்போது ஊரில் பத்து பேராவது 'அந்தப் பேச்சு நடந்தப்ப நானும் இருந்தேன்' என்று சொல்கிறார்கள், நம்பாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனி மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் அக்காவின் கடை வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சில் மூன்று பேருக்குத்தான் இடம். கவிழ்த்துப் போட்ட சோடா கிரேட்டின் மேல் நான்.

நான் தையல்காரி. ஏழாவதோடு படிப்பு நின்றுபோனது. அக்கா கடையை ஒட்டி ஒரு தகரம் போட்ட இடத்தில் மெஷின் போட்டிருக்கிறேன். எனக்குப் பயம் அதிகம். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி வந்ததும் சிலிண்டரை மூடினேனா என்று திரும்பிப் போவேன். ஜாக்கெட் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் நாலு தடவை அளப்பேன். 'உனக்கு ஒரு நாள் டென்ஷன் இல்லன்னா, இன்னாடா டென்ஷனே இல்லியேன்னு அதுக்கு டென்ஷன் ஆவ' என்பார் வீட்டுக்காரர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கோடை வந்தால் தண்ணீர்ப் பந்தல் நிறைய முளைக்கும். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன், எல்லாரும் ஒரே மாதிரிதான். கீற்றுப் பந்தல் போட்டு, பானைக்கு மாலை போட்டு, தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, நீர்மோர் எல்லாம் கொடுத்து, போட்டோ எடுப்பார்கள். நாலாம் நாள் பானை காலி. பேனரில் இருப்பவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள், உள்ளே ஒரு சிலந்தி இருக்கும். மெஷினில் உட்கார்ந்தபடி வருஷா வருஷம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு அக்கா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கையில் ஒரு நோட்டை எடுத்தார். அவர் கடையில் இரண்டு நோட்டு உண்டு. ஒன்று கடன் நோட்டு, எல்லாக் கடையிலும் இருப்பது. இன்னொன்றை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. யாராவது வந்து ஒரு சாமான் கேட்டு, 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டால், அந்தச் சாமான் பேரை எழுதி எதிரில் ஒரு கோடு போடுவார். மாசக் கடைசியில் எதற்குக் கோடு அதிகமோ அதை வாங்கி வைப்பார். வித்தது கல்லாவிலேயே தெரியும், விக்காமல் போனது இதில்தான் தெரியும் என்பார்.

அந்த நோட்டில் சின்ன பேட்டரி, கறுப்பு நூல்கண்டு, தலைவலி மாத்திரை இதற்கெல்லாம் நடுவில் ஒரு வரி இருந்தது. 'குடிக்கத் தண்ணி - சும்மா.' அதற்கு எதிரில் கோடு கோடாக அந்தப் பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. முந்தின வருஷம் சித்திரை ஒண்ணாம் தேதியிலிருந்து கத்திரி முடிகிறவரைக்கும் நூற்று அறுபத்து மூன்று கோடு. பாட்டில் வாங்கக் காசில்லாமல் சும்மா ஒரு வாய் தண்ணி கேட்டு, கடைக் குடம் காலியாகிவிட்டதால் அவர் 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய ஆட்கள். அதில் ஒரு கோட்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"இவரு பனமலைப் பக்கத்துக்காரரு. பஸ்ஸுக்கு மட்டுந்தான் காசு வெச்சிருந்தாரு. இல்லன்ட்டேன். அந்தப் புளியமரம் வரைக்கும் போயி வுழுந்துட்டாரு," என்றார் அக்கா. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் கால் எலும்பு முறிந்துவிட்டது. "இந்த வருசம் இந்த வரியில ஒரு கோடு கூட இருக்கக் கூடாது. அதுக்கு இன்னா செய்யணும், சொல்லுங்க."

ஜூஸ்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தண்ணி சும்மா குடுத்தா என் ஜூஸ எவன்க்கா குடிப்பான்? உன் பாட்டிலும்தான் போவாது."

"உன் ஜூஸ்ல பாதி தண்ணிதானயா. அந்தப் பாதிய சும்மா குடுக்கறன்னு நெனச்சுக்க."

ஆட்டோ அண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரே, ஆயிரம் பேருக்குத் தண்ணி கொடுக்கணும் என்று வைத்துக்கொள்ளலாம், பேனர் போடவும் நன்றாக இருக்கும் என்றார். அக்கா கேட்டார், "ஆயிரம் பேரு குடிச்சிட்டாங்க. ஆயிரத்தி ஒண்ணாவது ஆளு வந்து மூடியத் தூக்கிப் பாத்துட்டு போறான். அவனுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

 குடித்தவர்களை எண்ண வேண்டாம், குடிக்காமல் போகிறவர்களைத்தான் எண்ணவேண்டும் என்றார் அக்கா. ஆனால் குடிக்காமல் போகிறவன் நம்மிடம் சொல்லிவிட்டா போவான்? அதனால் பானை எவ்வளவு நேரம் காலியாக இருந்தது என்று பார்ப்போம் என்றார். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு தரம் பானையைப் பார்க்கவேண்டும். தண்ணீர் இருந்தால் டிக், இல்லாவிட்டால் சைபர். சித்திரை ஒண்ணு முதல் கத்திரி முடிகிறவரை ஒரு சைபர்கூட விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு பேரும் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து, அடுத்த வாரம் எந்தக் கிழமைக்கு எத்தனை கேன் என்று முடிவு செய்யவேண்டும். திட்டம் போட்டது இவ்வளவுதான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய பெரிய ஆபீஸில் இதற்கு என்னென்னவோ பேர் வைத்திருப்பார்களாம், எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வேலையை ஆரம்பிக்கும்போதே 'இது நடந்ததா இல்லையான்னு எப்படித் தெரியும்' என்று கேட்ட முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிக் போடுகிற புது நோட்டு என் கைக்கு வந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. அக்கா, நான் எதையாவது தப்பாப் பண்ணிடுவேன் என்றேன்.

"அதுக்குதான்டி உங்கிட்ட குடுக்கறேன். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவ. பயப்படறவதான் அடிக்கடி எட்டிப் பாப்பா."

திறப்பு விழா எப்போது என்று ஜூஸ்காரர் கேட்டார். பானை மூடியைத் திறந்தால் போதும் என்றார் அக்கா.

சித்திரை ஒண்ணாம் தேதி பஸ் ஸ்டாப் ஓரமாக ஒரு கீற்றுப் பந்தல் போட்டு இரண்டு பெரிய பானை வைத்தோம், குழாய் பொருத்திய பானை. கேன் செலவு நாலு பேருக்கும் பங்கு. பானை கழுவுவது அக்கா. அவசரத்துக்குக் கேன் எடுத்து வருவது ஆட்டோ அண்ணன். பானைக்கு அடியில் மணல் கொட்டி நனைத்து வைப்பது ஜூஸ்காரர். பந்தல் காலில் ஒரு பலகையைக் கட்டினார் அக்கா. அதில் சாக்பீஸால் 'பானை காலியாக இருந்த நேரம். நேற்று: இல்லை. இதுவரை: இல்லை' என்று தினமும் காலையில் எழுதுவார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். இன்னாடா இது, ஊர்ல எல்லாரும் குடுத்தத எழுதுவாங்க, இவங்க குடுக்காதத எழுதறாங்க என்று ஒரு கண்டக்டர் கேலி செய்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு வாரம் எனக்கு அந்த நோட்டு ஒரு அதிசயம் மாதிரி இருந்தது. செஞ்சிக் கோட்டை பார்த்துவிட்டு இறங்குகிற கூட்டம் ஒரு மணிக்கு மேல் வந்து ஒரே மூச்சில் ஒரு பானையைக் காலி செய்யும் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. பன்னிரண்டுக்கே இரண்டாவது பானையை நிரப்பச் சொன்னார் அக்கா. சாதாரண நாளைக்கு நாலு கேன், வெள்ளி, ஞாயிறு ஐந்து என்று கணக்கு வந்தது. ஒரு சைபர் விழவில்லை. நான் மெஷினை மிதிப்பதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பயத்தை ஒருத்தர் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கத்திரி தொடங்கிய வாரத்து வெள்ளிக்கிழமை, அனந்தபுரத்துக் கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. பொண்ணுக்குத் தைத்த ஜாக்கெட் தோளில் தூக்குகிறதாம், உடனே வரவேண்டுமாம். பன்னிரண்டு மணி டிக்கைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைப்பு. அக்கா வெள்ளிக்கிழமை மத்தியானம் சரக்கு வாங்கப் போய்விடுவார், கடை பாதி சாத்தியிருக்கும். ஜூஸ்காரர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஆட்டோ அண்ணன் சவாரியில் இருந்தார். அவருக்காவது ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. கல்யாண வீட்டில் ஜாக்கெட்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்து, பஸ்ஸை விட்டு, திரும்பி வந்து இறங்கும்போது மணி மூன்று ஆகப்போகிறது.

பானை இரண்டும் காலி. டம்ளர் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிழலில் நின்ற ஒருத்தர், நான் வரும்போதே காலிதாம்மா, பன்னண்டரை இருக்கும் என்றார். பந்தலுக்குக் கீழே ஆட்டுப் புழுக்கை இறைந்து கிடந்தது. சந்தை நாள், கிடக்கத்தான் செய்யும் என்று அதை மிதித்துக்கொண்டே ஓடிப் போய் கேன்காரருக்குப் போன் போட்டு நிரப்பினேன்.

பிறகு நோட்டைத் திறந்தேன். ஐந்து கட்டம் வெறுமையாக இருந்தது. இரண்டரை மணி நேரம். இருபது நாளாக ஒரு சைபர் இல்லை. முதல் சைபர் என்னால் விழப்போகிறது. நாளைக்குக் காலையில் அக்கா அதைப் பலகையில் எழுதுவார், ரோட்டில் போகிறவன் எல்லாம் படிப்பான், கண்டக்டர் விசில் அடிப்பான், ஆட்டோ அண்ணன் 'ஏழாவது படிச்சவகிட்ட நோட்டைக் குடுத்தா இப்படித்தான்' என்பார். அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆளே இல்லை, ஆனால் என் காதில் விழுந்துவிட்டது. ஐந்து கட்டத்திலும் டிக் போட்டேன். அவசரத்தில் ஒரு டிக் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நோட்டைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையும் தண்ணி நின்னிருக்குது, ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கூட்டம் ஜாஸ்தி ஆவுது, வெள்ளியிலிருந்து ஒரு கேனை ஞாயிறுக்கு மாத்திடலாம் என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் தோளைத் தட்டி, "இவ மட்டும் இல்லன்னா இது நடந்திருக்காது," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம் எப்படிச் சொல்வது? திட்டியிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கேன் குறைகிறதே, அதை நானே சரிக்கட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரரைச் சைக்கிளில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எதுக்கு என்று கேட்டார். துணி நனைக்க என்று அவருக்கும் ஒரு பொய்.

பன்னிரண்டுக்கெல்லாம் நாலு கேனும் முடிந்தது. என் இரண்டு குடத்தையும் ஊற்றினேன். பந்தலுக்கு முன்னால் ஒரு வேன் நிறுத்தியிருந்தார்கள், யார் குடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இருபது நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பொட்டுத் தண்ணீர் இல்லை. இது மனுஷர்கள் குடிக்கிற குடியா? அக்கா அன்றைக்கும் சரக்குக்குப் போயிருந்தார். அப்போதாவது ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டு ஒரு கேன் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் ஏன் போதவில்லை என்று கேட்பாரே. குடத்தை எடுத்துக்கொண்டு பின்தெருக் குழாய்க்கு ஓடினேன். அங்கே தண்ணீர் நூல் மாதிரி வந்தது. குடம் நிறைவதற்கு அரை மணி ஆயிற்று.

திரும்பி வந்தபோது பந்தல் காலில் சாய்ந்தபடி ஒரு பெண் சரிந்து கிடந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. முகமெல்லாம் சிவந்து, உதடு காய்ந்து, தொட்டால் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. வேர்வையே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. கத்தினேன். அப்போதுதான் சரக்கு மூட்டையோடு வந்து இறங்கிய அக்கா, மூட்டையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். என் குடத்துத் தண்ணீரை அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். மயக்கத்தில் இருப்பவள் வாயில் ஊற்றாதே என்று என் கையைத் தட்டிவிட்டார். ஆட்டோ அண்ணன், ஏறியிருந்த சவாரியை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டுவந்தார். அவள் தலை என் மடியில். ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் மூச்சு விடுகிறாளா என்று ஒவ்வொரு மூச்சாகப் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு தெய்வம் பாக்கி இல்லை, எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன்.

ஐஸ் வைத்து, டிரிப் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று நர்ஸம்மா சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது, "என் குட்டி எங்க?" அது அக்கா கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டு சௌகரியமாக இருந்தது. போனில் கேட்டுச் சொன்னேன். பிறகு மெதுவாக, ஏம்மா இவ்ளோ வெயில்ல அங்கயே உட்கார்ந்திருந்த, எதிர்க் கடையில கேட்டிருக்கலாமே, பக்கத்துச் செடி நர்சரி நிழலுக்காவது போயிருக்கலாமே என்று கேட்டேன்.

"கட சாத்தியிருந்துச்சுக்கா. போர்டுல இதுவரைக்கும் பானை காலியானதே இல்லன்னு போட்டிருந்துச்சு. அப்ப எப்டியும் வந்து ஊத்துவாங்கன்னு குந்தினேன்."

தளவானூர் பக்கத்திலிருந்து குட்டியை விற்க வந்தவள். அந்தப் பலகையை நம்பி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். அதில் எழுதியிருந்தது அக்கா கையெழுத்து. ஆனால் எழுத வைத்தது என் டிக்.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வந்து, அவளையும் குட்டியையும் கூட்டிப்போன பிறகு, கடை வாசலில் நாலு பேரும் கூடினோம். நான் உட்காரவில்லை. நோட்டை நீட்டிச் சொல்லிவிட்டேன். அனந்தபுரம் போனது, ஐந்து டிக், ஒளித்து வைத்த குடம், எல்லாம். அழுகையில் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது.

"ஏம்மா, ஒரு போன் அடிச்சா இன்னா? நாங்க இன்னா கடிச்சா தின்னுடுவோம்?" என்று ஆட்டோ அண்ணன் எகிறினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் சீட்டில் அந்தப் பெண் கிடந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியவர்.

அக்கா நோட்டை வாங்கி அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பேனாவை என்னிடமே கொடுத்தார். "நீயே திருத்து. கிழிக்காத. பழசு தெரியற மாதிரி ஒரு கோடு போட்டு, மேல சைபர் எழுது." எழுதினேன். அன்றைய வெள்ளிக்கிழமைக்கும் எழுதினேன். பிறகு அவர் எழுந்து போய் பலகையைத் துடைத்தார். மறுநாள் காலை வரை காத்திருக்கவில்லை. 'போன வெள்ளி இரண்டரை மணி நேரம் பானை காலி. நாங்கள் இல்லை என்று எழுதியது தப்பு. இன்று ஒன்றரை மணி நேரம் காலி. ஒருத்தர் மயங்கி விழுந்தார்.'

ஜூஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருக்குக்கா தெரியும்? பேரு கெட்டுடும்."

"பேருக்கா பானை வெச்சோம்?"

எழுதி முடித்துவிட்டு என் பக்கம் வந்தார். அறை விழும் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது இது: "தினம் இல்லை இல்லைன்னு நான் எழுதி மாட்டினேன் பாரு, அது உன் கழுத்துல ஏறி உக்காந்துக்கிச்சு. சைபர் வுழுந்தா இன்னா செய்யறதுன்னு நாம முன்னாடியே பேசி வெக்கல. வுழவே கூடாதுன்னு மட்டும் பேசினோம். அது என் தப்பு." அடுத்த நிமிஷமே, "உன் தப்பு உன்னுதுதான், அதுல நான் பங்குக்கு வரல," என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டுமே தேவைப்பட்டது.

பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவையும் சைபர் வெள்ளிக்கிழமையே விழுந்திருக்கிறதே, அன்றைக்கு அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டார். அப்போதுதான் ஆட்டுப் புழுக்கை எனக்கு ஞாபகம் வந்தது. டிக் போடாமல் சைபர் போட்டிருந்தால் இந்தக் கேள்வியை அவர் ஒரு வாரம் முன்னாலேயே கேட்டிருப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு கேன் வாங்கி வைத்தோம். அக்கா சரக்குக்குப் போகவில்லை, ஜூஸ்காரர் சந்தைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு மேல் விற்காத ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து வேனுக்காக நின்றது. ஒரு ஆட்டு வியாபாரி பக்கெட்டை எடுத்துப் பானைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டார். ஒரு பக்கெட், இரண்டு பக்கெட், மூன்று. ஆடுகள் வரிசையில் நின்று குடித்தன. ஆட்டோ அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

"நாங்க குடிக்கலாம், வாயில்லா ஜீவன் குடிக்கக் கூடாதா?" என்றார் வியாபாரி. முன்பெல்லாம் லாரி ஷெட்டுத் தொட்டியில் குடிக்க வைப்பார்களாம். கத்திரியில் அது வற்றிப்போய்விட்டதாம்.

அக்கா அண்ணனைத் தடுத்துவிட்டார். வியாபாரியை அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினார். அவர் படித்தார். 'ஒருத்தர் மயங்கி விழுந்தார்' என்ற இடத்தில் விரலை வைத்து, யார் என்று கேட்டார். குட்டி விற்க வந்த பெண் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்தக் குட்டிக்கு விலை கேட்டுப் படியாமல் விட்டவரே அவர்தானாம்.  அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் பாதியாக அறுத்த ஒரு நீல டிரம்மை வேனில் கொண்டுவந்து பந்தலுக்குப் பின்னால் இறக்கி வைத்தார். உப்புத் தண்ணீர் போர் வைத்திருக்கும் மெக்கானிக் ஷெட்டிலிருந்து ஹோஸ் போட்டு அதை நிரப்பினோம். ஆடுகளுக்கு உப்புத் தண்ணீர் பிடித்துத்தான் போனது. பானைக்கு வெள்ளிக்கிழமையும் ஐந்து கேனே போதும் என்று ஆகிவிட்டது.

கத்திரி முடிகிறவரைக்கும் இன்னும் ஒரே ஒரு சைபர் விழுந்தது. கரண்டு போனதால் கேன் கம்பெனியில் தண்ணீர் இல்லை, அரை மணி நேரம். உடனே எழுதினேன். சைபர் விழுந்தால் யார் யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று நோட்டின் அட்டையிலேயே எழுதியிருந்தோம். அரை மணியில் எங்கள் நாலு பேர் வீட்டுக் குடமும் வந்துவிட்டது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்த 'இல்லை' நோட்டை எடுத்தார். முந்தின வருஷம் நூற்று அறுபத்து மூன்று கோடு இருந்த இடத்தில் இந்த வருஷம் ஏழு. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜூஸ்காரர் எல்லாருக்கும் இஞ்சி, எலுமிச்சை போட்டு ஜூஸ் பிழிந்தார், தண்ணீர் சேர்க்காத ஜூஸ். அக்கா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த ஏழு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவங்க ஏழு பேரும் எந்த நேரத்துல வந்தாங்கன்னு நான் எழுதலையே என்றார். அடுத்த வருஷம் நேரமும் எழுதினார். ஆறு மணிக்கு மேல் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்று தெரிந்தது. இப்போது பானை எட்டு மணி வரை இருக்கிறது.

நான் நிறையப் படித்தவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் தான் செய்த நல்லதை எண்ணாமல், தன் கையிலிருந்து நழுவினதை எண்ணுகிற ஒருத்தரைப் பார்த்துவிட்டேன். என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய் டிக். பூட்டை இன்றைக்கும் மூன்று தடவை இழுக்கிறேன். மாறியது ஒன்றுதான். பயத்தில் கை எதையாவது எழுதப் போனால், அதைப் படித்து நம்பி யாராவது வெயிலில் உட்காருவார்களே என்று நின்று யோசிக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஆட்டோ வாடகை என் பொறுப்பு என்று என் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன். அண்ணன் வாங்க மாட்டேன் என்கிறார். பார்க்கும்போதெல்லாம், அத அடிச்சிடும்மா, கொடுத்தாச்சுன்னு எழுதிக்க என்கிறார். கொடுக்காததைக் கொடுத்தாச்சு என்று எழுத இனிமேல் எனக்கு வராது, அதனால் அந்த வரி அப்படியே இருக்கிறது: போக, வர, நூற்று இருபது ரூபாய், பாக்கி.